ஓர் அணாச் சிற்றுண்டி

சென்னை மாமன்றத்தின் கதை – 9

1920 செப்டம்பர் 16, வியாழக்கிழமை. சென்னை மாநகராட்சி மன்றம் அன்று ஒரு தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுப்பது; ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவழிப்பது. தீர்மானம் இவ்வளவுதான். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலம் அது.

காரணத்தை மன்றத்தின் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் சொன்னார். அந்தப் பள்ளியில் படிப்பவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள். வறுமையால் அவர்கள் பள்ளிக்கு வராமல் நின்றுவிடுகிறார்கள். பள்ளியின் மாணவர் எண்ணிக்கை அடிக்கடி சரிகிறது. வயிற்றுக்கு ஏதாவது கொடுத்தால்தான் பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள்.

இன்று தமிழ்நாட்டில் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனாலும் மதியச் சோற்றின் மணம் வருகிறது. அதன் வரலாற்றைச் சொல்பவர்கள் இந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் நம் தொடரின் அக்கறை இன்னொரு பக்கம் இருக்கிறது. அந்தத் தீர்மானம் எப்படிப் பிறந்தது, அதைப் பிறப்பிக்கும் அதிகாரம் நகர மன்றத்துக்கு எப்படி வந்தது, அதே தீர்மானத்தை ஐந்தே ஆண்டுகளில் நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்தது? இந்தக் கேள்விகளுக்குள்தான் நகராட்சி என்பதன் முழுக் கதையும் அடங்கியிருக்கிறது.

வந்த வழி

இதுவரை பார்த்ததைச் சுருக்கிக்கொள்வோம். 1688 செப்டம்பர் 29-ல் கோட்டைக்குள் தொடங்கிய மாநகராட்சி வரிக்காகப் பிறந்தது. வீட்டு வரி என்றதும் நகரத்து வணிகர்கள் கடைகளை அடைத்து எதிர்த்ததைக் கண்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜோசயா சைல்ட், ஊர்க்காரர்களையே உட்காரவைத்து வரி விதிக்கச் சொன்னால் மனமுவந்து கட்டுவார்கள் என்று கணக்குப் போட்டார். மேயர், 12 ஆல்டர்மென் என்று மன்றம் அமைந்தது. ஊர்க்காரர்கள் அப்போதும் வரி கட்ட மறுத்தார்கள். உட்கார நாற்காலி கொடுத்தார்களே தவிர, கேள்வி கேட்கும் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதன்பின் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகள் நகரத்துக்குப் பேசும் வாய் கிடையாது. 1867 சட்டம் நகரத்தை எட்டு டிவிஷன்களாகப் பிரித்து, டிவிஷனுக்கு நான்கு பேராக 32 பேரை அரசே நியமித்தது. 1878-ல் அவர்களில் 16 பேரை வரி கட்டுவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. 1882 மே மாதம் வைஸ்ராய் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய தம் புகழ்பெற்ற தீர்மானத்தை வெளியிட்டார். உள்ளாட்சியால் நிர்வாகம் உடனே மேம்பட்டுவிடும் என்று அவர் வாதாடவில்லை. மக்கள் அரசியலைக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் அது என்றார். 1884-ல் தேர்ந்தெடுக்கப்படும் இடங்கள் 24 ஆயின.

ஏறிய படியிலிருந்து இறக்கியது 1904 சட்டம். மன்றத்தின் அளவை 36 ஆக உயர்த்திவிட்டு, டிவிஷன்களில் தேர்ந்தெடுக்கப்படுவோரை 20 ஆகக் குறைத்தது. மீதி இடங்கள் வணிகச் சங்கங்களுக்கும் ரயில்வே கம்பெனிகளுக்கும் அரசின் நியமனத்துக்கும் போயின. தலைவரோ அரசு அனுப்பிய அதிகாரி. நிர்வாகத்தை நடத்துபவரும் அவரே, மன்றக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குபவரும் அவரே. குப்பை அள்ளப்படவில்லை என்று ஒரு உறுப்பினர் கேட்டால், அந்தக் கேள்வியை அனுமதிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர், குப்பையை அள்ள வேண்டிய பொறுப்பில் இருந்தவர்தான். பதில் சொல்ல வேண்டியவரே கூட்டத்தை நடத்தினால் அங்கே கேள்விக்கு உயிர் இருக்காது.

1919 சட்டம் செய்த மாற்றம்

இந்த முடிச்சை அவிழ்த்தது 1919-ஆம் ஆண்டின் நான்காவது சட்டம், அதாவது சென்னை நகர முனிசிபல் சட்டம். நகரம் 30 டிவிஷன்களானது. மன்றத்தில் 50 கவுன்சிலர்கள். அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். நிர்வாகம் தனியாக ஒரு கமிஷனரிடம் போனது. முடிவெடுப்பது மன்றம், நிறைவேற்றுவது கமிஷனர், இடையில் விஷயங்களை நுணுகிப் பார்ப்பது நிலைக்குழுக்கள். இந்த மூன்றையும் தனித்தனி அதிகார அமைப்புகளாகச் சட்டம் வகுத்தது.

நகர மன்றம் நாட்டின் சட்டசபை போன்றதல்ல. ஆனால் தெருவில் நடப்பவருக்கு அதன் சட்டங்கள்தான் முதலில் வந்து தொடும். சாக்கடை எப்படிக் கட்டுவது, கழிவு எங்கே விடுவது, சந்தையில் எதை எப்படி விற்பது, ஆட்டுத்தொட்டி எங்கே இருக்கலாம், இடுகாடும் சுடுகாடும் எப்படிப் பராமரிக்கப்பட வேண்டும் என்பவற்றுக்கெல்லாம் துணைவிதிகள் செய்யும் அதிகாரம் மன்றத்துக்கு இருந்தது. ஒரு துணைவிதியைச் செய்யுமுன் அதன் வரைவை வெளியிட வேண்டும். ஊராரின் ஆட்சேபங்களைப் பரிசீலிக்க வேண்டும். அதன் பிறகும் மாகாண அரசு ஒப்புதல் தந்தால்தான் அது செல்லும்.

இரண்டாவது கருவி வரவுசெலவுத் திட்டம். கமிஷனர் மதிப்பீட்டைத் தயாரிப்பார். வரி மற்றும் நிதிக்கான குழு அதை அலசும். மன்றம் ஒப்புக்கொண்டால்தான் காசு நகரும். மூன்றாவது கருவி கேள்வி. மாநகராட்சி வேலையில் அலட்சியம் தெரிந்தாலும், பொதுச்சொத்து வீணானாலும், ஒரு வட்டாரத்துக்கு ஏதாவது தேவை இருந்தாலும், எந்தக் கவுன்சிலரும் அதை உரியவர் கவனத்துக்குக் கொண்டுவந்து திருத்தம் சொல்லலாம் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். துணைவிதி, பணம், கேள்வி. ஒரு நகர மன்றத்தின் பலத்தை அளக்க இந்த மூன்றையும் பார்த்தால் போதும்.

ஆனால் மூன்றின் மேலும் மாகாண அரசின் கை இருந்தது. கமிஷனரை நியமிப்பது அரசு. தணிக்கையாளர்களை நியமிப்பதும் அரசு. மன்றம் நிறைவேற்றிய தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் உண்டு. மன்றத்தையே கலைக்கவும் உண்டு. வீட்டுச் செலவை மருமகள் பார்க்கட்டும், பெட்டிச் சாவி மாமியார் இடுப்பில் இருக்கட்டும் என்பது போன்ற ஏற்பாடு இது. இந்தச் சாவியின் கதைதான் அடுத்த நூறு ஆண்டுகளின் கதை.

தலைவர் நாற்காலியில் ஒரு நெசவுக்காரர்

புதிய சட்டத்தின்படி மன்றம் தேர்ந்தெடுத்த முதல் தலைவர் தியாகராய செட்டியார். தெலுங்கு பேசும் தேவாங்கர் குடும்பத்தில் 1852-ல் பிறந்தவர். கைத்தறியே அவருடைய தொழில். அவர் தறிகளில் நெய்த 'பிட்டி' கைக்குட்டைகள் பேர்போனவை. 1880களில் மாநகராட்சிக்குள் வந்தவர் ஏறத்தாழ 40 ஆண்டுகள் அதன் வேலைகளில் கிடந்தார். எர்ரபாலு செட்டித் தெருவில் மாநகராட்சி அலுவலகம் இருந்த காலத்தையும் அறிந்தவர். 1913 நவம்பரில் ரிப்பன் மாளிகை திறக்கப்பட்டபின் புதிய மன்றக் கூடத்திலும் அமர்ந்தவர்.

அதே மன்றத்தில் அவரோடு மோதியவர் டாக்டர் டி.எம். நாயர், திருவல்லிக்கேணியின் பிரதிநிதி. மாநகராட்சி விவகாரங்களில் இருவரும் எதிரெதிர் அணி. அப்படிப்பட்டவர்களை நடேச முதலியார் ஒன்றாக உட்காரவைத்ததன் விளைவுதான் 1916 நவம்பரில் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம். பின்னால் நீதிக்கட்சி என்று பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் பெரிய அரசியல் இயக்கம் ஒன்றின் தலைவர்கள், தண்ணீருக்கும் வரிக்கும் நகர மன்றத்தில் வாதாடிப் பழகியவர்கள். ரிப்பன் சொன்ன பள்ளிக்கூடம் உண்மையிலேயே பாடம் நடத்தியிருக்கிறது.

1920 டிசம்பரில் நீதிக்கட்சி மாகாண ஆட்சிக்கு வந்தபோது முதல்வர் பொறுப்பு தியாகராயரைத் தேடி வந்தது. அவர் ஏற்கவில்லை. கடலூர் சுப்பராயலு ரெட்டியார் பதவியேற்றார். தியாகராயர் மாநகராட்சித் தலைவராகவே தொடர்ந்தார்.

பசியின் பின்னணி

1920-ன் சென்னையை நினைத்துப் பார்க்க வேண்டும். 1921 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5.27 லட்சம். முதல் உலகப் போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. போர்க்காலத்தில் ஏறிய விலைவாசி இறங்கவில்லை. 1918 செப்டம்பரில் அரிசி விலை தாங்காமல் சென்னையில் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. அதே ஆண்டு இன்ஃபுளுயன்சா கொள்ளைநோய் வந்தது. கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களில் பத்து வயதுப் பிள்ளையும் ஏதாவது சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும். அந்தப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் ஒரு வருமானத்தை இழப்பது. கூடவே அதன் வயிற்றையும் நிரப்புவது.

மாகாண அளவில் அதே 1920-ல் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. கட்டாயக் கல்வியைக் கொண்டுவர அது உள்ளாட்சிகளுக்கு வழி திறந்தது. கல்விக்கென்று தனி வரியும் தனி நிதியும் ஏற்படுத்த இடம் தந்தது. பள்ளிக்கு வா என்று சொல்லச் சட்டம் கிடைத்தது. வந்த பிள்ளை பசியோடு உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. அந்த இடைவெளியைக் கண்டது நகர மன்றம். பள்ளிக்கூடங்கள் அதன் பொறுப்பில் இருந்தன, வருகைப் பதிவேடுகள் அதன் அலுவலகத்துக்கு வந்தன, எந்தத் தெருவில் எந்தப் பள்ளி காலியாகிறது என்பது டிவிஷன் கவுன்சிலருக்குத் தெரியும். தில்லியிலிருந்து பார்த்தாலும் கோட்டையிலிருந்து பார்த்தாலும் தெரியாத ஒன்று ரிப்பன் மாளிகையிலிருந்து தெரிந்தது. நகர மன்றம் ஒன்று ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் வாக்குரிமை சொத்து உள்ளவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும் மட்டுமே. ஆயிரம் விளக்குப் பள்ளிக்கு வந்த ஏழைப் பிள்ளைகளின் பெற்றோர்களில் மிகப் பலருக்கு வாக்கு இருந்திருக்காது. தேர்தலில் தங்களுக்கு எதையும் திருப்பித் தர முடியாதவர்களின் பிள்ளைகளுக்காக மன்றம் பணம் ஒதுக்கியது. இதை மதிப்போடு பதிவு செய்ய வேண்டும்.

வளர்ந்தது, நின்றது

ஒரு பள்ளியில் தொடங்கிய சிற்றுண்டி விரைவில் இன்னும் நான்கு மாநகராட்சிப் பள்ளிகளுக்குப் பரவியது. பலன் பதிவேட்டிலேயே தெரிந்தது. 1922–23-ல் ஐந்து பள்ளிகளிலும் சேர்த்து 811 மாணவர்கள். 1924–25-ல் 1,671 பேர். இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். 1,671 பேருக்கும் தீர்மானத்தின் உச்சவரம்பான ஓர் அணா வீதம் முழுதாகச் செலவழித்திருந்தால்கூட, ஒரு நாளைக்கு 104 ரூபாய் 7 அணாதான். அந்தக் காலத்து மதிப்பில் அது சிறிய தொகை அல்ல. ஆனால் எண்ணூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் புதிதாகப் பள்ளிக்குள் கொண்டுவந்த தொகை அது.

1925 ஏப்ரல் 1-ஆம் தேதி சிற்றுண்டி நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்ய அரசு அனுமதிக்கவில்லை. கல்விக்கான நிதி கல்விக்குத்தான். சோறு அதில் சேராது என்பதே அந்த முடிவின் பொருள். அப்போது மாகாணத்தில் ஆட்சி நடத்தியது பனகல் அரசரின் தலைமையிலான நீதிக்கட்சி அமைச்சரவை. தியாகராயரின் சொந்தக் கட்சி. உள்ளாட்சியும் கல்வியும் இரட்டையாட்சி முறையில் இந்திய அமைச்சர்களின் பொறுப்பில் இருந்த துறைகள். ஆகவே இதை வெள்ளைக்கார அதிகாரியின் கல்நெஞ்சம் என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. மேலே இருப்பவர் யாராக இருந்தாலும், கீழே இருக்கும் மன்றத்தின் பணத்தின் மேல் கடைசி வார்த்தை அவருடையதாக இருக்கும்படி சட்டம் அமைந்திருந்தது.

அதே ஏப்ரல் மாதம் 28-ஆம் தேதி தியாகராய செட்டியார் காலமானார்.

மாநகராட்சி விட்டுவிடவில்லை. தொடர்ந்து வற்புறுத்தியதில் இரண்டு ஆண்டுகள் கழித்து அனுமதி கிடைத்தது. 1927-ல் சிற்றுண்டி மீண்டும் வந்தது. ஒரு தீர்மானம் ரத்தானால் அதோடு முடிந்தது என்று மன்றம் ஒதுங்கியிருந்தால், பின்னால் வந்தவர்களுக்குக் காட்ட முன்னுதாரணம் இருந்திருக்காது. 1956-ல் காமராசர் மாநிலம் முழுவதற்கும் மதிய உணவைக் கொண்டுபோனார், 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவும் சேர்ந்தது. நகர மன்றம் தயங்காமல் முயன்று பார்த்ததை மாநில அரசுகள் பின்னால் தங்கள் பெருமையாக்கிக்கொண்டன.

யாருக்குப் பதில் சொல்வது?

இப்போது இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருவோம். கணக்குக் கேட்பது என்பது அரசாட்சிக்குத் தேவை. அதில் இரண்டு கருத்து இல்லை. மக்கள் வரியை ஒரு மன்றம் எப்படிச் செலவழிக்கிறது என்று யாராவது தணிக்கை செய்தே ஆக வேண்டும். 1925-ல் தணிக்கையின் பெயரால் ஒரு நல்ல திட்டம் நின்றதால் தணிக்கையே தவறு என்று நான் சொல்லவில்லை. மன்றமே தவறிழைத்த காலமும் வரப்போகிறது. வேலைக்கே வராத ஆட்களின் பெயர்களை வருகைப் பட்டியலில் எழுதிக் கூலி எடுத்த 'மஸ்டர் ரோல்' ஊழல் வெடித்து, 1973 டிசம்பரில் மன்றம் கலைக்கப்பட்டதைப் பின்னொரு பகுதியில் விரிவாகப் பார்ப்போம்.

நான் கேட்பது, பதில் எந்தத் திசையில் போகிறது என்பதை. 1919 சட்டத்தில் கமிஷனர் தம்மை நியமித்த அரசைப் பார்த்து நின்றார். மன்றமும் ஒப்புதலுக்கும் பணத்துக்கும் அரசைப் பார்த்து நின்றது. பள்ளி வாசலில் நின்ற தாய்க்கு, சிற்றுண்டி ஏன் நின்றது என்று பதில் சொல்லும் கடமை எந்த விதியிலும் எழுதப்படவில்லை. மேலே கணக்கு ஒப்புவித்தால் போதும், கீழே விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்ற பழக்கம் அங்கே வேர்விட்டது.

அந்தப் பழக்கத்தின் விலையை நகரம் பின்னால் கொடுத்தது. 1973-ல் தவறு செய்தவர்களைத் தண்டிப்பதாகச் சொல்லி மன்றத்தைக் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் 1996-ல்தான் நடந்தது. 23 ஆண்டுகள் தனி அதிகாரிகள் நகரை நடத்தினார்கள். ஒரு தலைமுறை, தன் வார்டு கவுன்சிலர் யார் என்று தெரியாமலே வளர்ந்தது. ஊழல் செய்த மன்றத்துக்கு மாற்று, மக்கள் தேர்ந்தெடுக்கும் இன்னொரு மன்றம். மன்றமே இல்லாமல் செய்வது வாக்காளருக்குக் கொடுத்த தண்டனை.

1993-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் இதைத் தடுக்கத்தான் விதி செய்தது. மன்றத்தின் காலம் ஐந்து ஆண்டு. கலைக்குமுன் அதன் தரப்பைக் கேட்க வேண்டும். கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும். இவ்வளவு தெளிவாக எழுதியபின்பும் 2016 அக்டோபரில் காலம் முடிந்த சென்னை மாமன்றத்துக்கு 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் வர்தா புயல் வந்தது, 2019-ன் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, கொரோனா வந்தது. கதவைத் தட்டிக் கேட்கத் தெருவில் கவுன்சிலர் இல்லை.

1919 சட்டம் 104 ஆண்டுகள் இந்த நகரத்தை ஆண்டது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது விடைபெற்றது. வார்டு குழுக்களும் ஏரியா சபைகளும் விதிகளில் இடம்பிடித்திருக்கின்றன. கமிஷனரை நியமிப்பது இன்றும் மாநில அரசுதான். மாமன்றத்தில் இன்று கேள்வி நேரமும் நேரமில்லா நேரமும் இருக்கின்றன. அங்கே கேட்கப்படும் கேள்விக்குச் சொல்லப்படும் பதில், கேட்ட கவுன்சிலரோடு நின்றுவிடாமல் அவரை அனுப்பிய தெருவுக்கும் வந்து சேர வேண்டும். ஏரியா சபை கூடும் தேதியைத் தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள். உங்கள் வார்டுக்கு இந்த ஆண்டு ஒதுக்கிய பணம் எவ்வளவு, எதற்கு, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள். 1920-ல் வாக்கே இல்லாதவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு மன்றம் அவ்வளவு செய்தது. இன்று எல்லோருக்கும் வாக்கு இருக்கிறது. கேட்காமல் இருக்க நமக்குக் காரணம் இல்லை.

அடுத்த பகுதியில் 1933-க்குப் போகிறோம். 'தலைவர்' என்ற பதவி போய் மீண்டும் 'மேயர்' வருகிறார். முதல் மேயராக முத்தையா செட்டியார் நாற்காலியில் அமர்கிறார். சில ஆண்டுகளில் அந்த நாற்காலிக்கு வரும் சத்தியமூர்த்தி, போர்க்காலத்தில், தண்ணீருக்காகப் பூண்டியில் ஓர் அணை கட்டியே தீருவது என்று அரசோடு மல்லுக்கட்டுகிறார்.

(தொடரும்)